வடக்குப் பக்கத்து முளைகள்

நாங்கள் அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அதற்குள் முளைக்குச்சிகள் நகர்ந்துவிட்டன.

தாமதத்துக்குக் காரணம் என் கார். ஹார்ன்பரியில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தெருதான். அதில் பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. என் முதலாளி ஹெஸ்டர் பாலண்ட் இறங்கித் தள்ளினார். சுங்க இலாகாவில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவர். தள்ளி முடித்ததும் சொன்னார்: "டட்லி, அடுத்த தடவை காரை வீட்டுல விட்டுட்டு உன்னை மட்டும் தள்ளிட்டு வரேன். நீதான் கனம் கம்மி."

"மூளையைச் சொல்றீங்களா மேடம், உடம்பைச் சொல்றீங்களா?"

"உடம்பைச் சொல்ல ஆசைதான்."

டானர் சந்து ஒன்பதாம் எண் வீட்டின் பின்தோட்டத்தில், இடுப்பளவுக் குழியின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார் டாக்டர் லயனல் கார்ஸ்டன். அறுபத்திரண்டு வயது. முழங்கால் பக்கம் மண் ஏறிய கால்சட்டை. பின்பாக்கெட்டில், மண் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்து பாதியாகிப்போன கரணை. நேற்று மாலை எங்கள் அலுவலகத்துக்கு வந்து இந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான்.

"பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னேனே! இப்ப பாருங்க. நாங்க சாப்பிடப் போன நேரத்துல மறுபடியும் நகர்த்திட்டான்."

ஹார்ன்பரியில் கொல்லைப்புறத்தில் கோழிக்கூடு கட்டுவதானாலும் ரோமானியர்களைக் கேட்டுக்கொண்டுதான் கட்டவேண்டும். ஊரே அவர்களுடைய பழைய ஊரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டோடு ஓர் அறை சேர்க்க வேண்டுமென்றால், முதலில் தொல்லியல்காரர்களை வைத்துக் குழி தோண்டி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, மாவட்டத் தொல்லியல் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊர்க் குழிகளில் முக்கால்வாசி கார்ஸ்டன் தோண்டியவை. நாலு மூலையில் நாலு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குள்தான் தோண்டுவார்கள்.

இங்கே வடக்கு மூலை முளைகள் இரண்டையும் யாரோ பிடுங்கி, ஒன்றரை மீட்டர் தள்ளி, தோட்டத்தின் வடக்குச் சுவர் ஓரமாக அடித்திருந்தார்கள். நேற்றும் இதே கதைதானாம்.

"பக்கத்து வீட்டுக்காரன்தான். பேசில் ட்ரூ" என்றார் கார்ஸ்டன், குரலைத் தாழ்த்தி. "கட்டடம் கட்டக் கூடாதுன்னு கவுன்சிலுக்கு ஏழு மனு போட்டவன். மூணு மணிக்கு அதிகாரி வர்றாங்க, கையெழுத்துப் போடறாங்க, நாலு மணிக்குக் குழியை மூடறேன். அதுக்குள்ள அவன்தான்னு நிரூபிச்சு, வாயை அடைச்சுடுங்க. அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு முளைகளையும் பிடுங்கினார். அவர் பிடுங்கிய வேகத்தைப் பார்த்தேன். ஹெஸ்டர் என்னைப் பார்த்தார். அவரும் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

"ஒண்ணை எனக்குக் கொடுங்க" என்று ஹெஸ்டர் முளையை வாங்கி, தலைப்பக்கத்தைத் திருப்பினார். மரத்தில் சின்னச் சின்னக் கட்டமாகப் பள்ளங்கள் விழுந்திருந்தன. தேன்கூடு மாதிரி.

"உங்க ஆளுங்க எதை வெச்சு அடிப்பாங்க?"

கார்ஸ்டன் தள்ளுவண்டியில் கிடந்த சுத்தியலைக் காட்டினார். தட்டைத் தலை. தெற்குப் பக்க முளைகளின் தலையில் விழுந்திருந்த தடமும் தட்டையாகத்தான் இருந்தது.

ஹெஸ்டர் குழியைச் சுற்றி மெதுவாக நடந்தார். தெற்கு ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்குப் புல் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. கிழக்கு ஓரத்திலும் அப்படியே.

"இங்கேயும் குழி கொஞ்சம் வளர்ந்திருக்கே?"

"ஓ, அதுவா? திங்கட்கிழமை தெற்கு முளை நகர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கிழக்கு. ஓர் அடி கூடத் தோண்டினா என்ன குடியா முழுகிப் போச்சு? தோண்டிட்டோம்."

"அப்ப கோபம் வரலை?"

"எதுக்குக் கோபம்?" என்றார் அவர். பிறகு அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பேசில் ட்ரூ சுவருக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்து ரோஜாச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"முளையைப் பிடுங்கினேனா? நானா?" அவர் சிரித்த சிரிப்பில் பூனை ஓடிப்போனது. "இடுப்பெலும்பை மாத்தி ஆறு வாரம் ஆகுது. குனிஞ்சேன்னா தீயணைப்பு வண்டி வந்துதான் நிமிர்த்தணும். என் சாக்ஸையே என் பெண்டாட்டிதான் மாட்டி விடறா. அதுவும் திட்டிக்கிட்டே."

"வேற யாராவது தோட்டத்துக்குள்ள வந்தாங்களா?" என்றேன்.

"யாரும் வரலை. அந்த அம்மா மட்டும்தான், மிசஸ் விக்கரி. தோண்டறவங்களுக்கு டீ கொடுப்பாங்க, 'முனையில இருக்கிற பப்ல சூப் நல்லா இருக்கு, போய்ச் சாப்பிட்டு வாங்க'ன்னு துரத்தி விடுவாங்க. தங்கமான மனுஷி. ஆனா கொஞ்சம் இது." நெற்றியோரம் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"ஏன்?"

"அங்கே கட்டப் போறது என்னன்னு தெரியுமா? வெயில் அறை. கண்ணாடிச் சுவரு, கண்ணாடிக் கூரை. உட்கார்ந்து வெயில் காயறதுக்கு! அது வீட்டுக்கு வடக்கே, வீட்டு நிழல்ல. முப்பது வருஷமா இங்கே இருக்கேன். அந்த மூலையில வெயில் எட்டிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. பாசிதான் வளரும்."

ஹெஸ்டர் அவருக்கு நன்றி சொன்னார். வாசலைச் சுற்றி நடந்து வரும்போது என்னைக் கேட்டார்: "வெயில் வராத இடத்துல வெயில் அறை எதுக்கு, டட்லி?"

"குளிர் காய."

"அறை கட்டறதுக்காகக் குழி தோண்டலை. குழி தோண்டறதுக்காக அறை கட்டறாங்க."

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. ரோஸலிண்ட் விக்கரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். நாங்கள் கேட்காமலே இரண்டு கோப்பை டீ ஊற்றினார். சுவரில் கவுன்சில் அனுமதித்த வரைபடமும், திங்கட்கிழமை காலை கார்ஸ்டன் வரைந்து கொடுத்த படமும் ஒட்டியிருந்தன. ஹெஸ்டர் இரண்டையும் ஒரு நிமிடம் படித்தார். பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டியோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒன்றை எடுத்தார். இறைச்சியை மிருதுவாக்கத் தட்டுகிற மரச் சுத்தியல். தலையில் வரிசை வரிசையாகக் கட்டம் போட்ட பற்கள்.

"இன்னிக்கு வீட்டுல இறைச்சியா?"

"நான் இறைச்சி தொடறதில்லை."

"அப்ப இது எதைத் தட்டுது?"

மிசஸ் விக்கரி டீக்கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் பயம் இல்லை. யாரோ ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்தார்களே என்கிற மாதிரி ஒரு தெளிவுதான் இருந்தது.

"நாலு நாளா அவரு கண் முன்னாடிதான் இதைக் கழுவி வைக்கிறேன். உங்களுக்குத்தான் கேக்கத் தோணியிருக்கு" என்றார். "உட்காருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரு ரோஸலிண்ட் லாரிமர். எட்வின் லாரிமர் என் அண்ணன்."

அந்தப் பெயர் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

எண்பத்தெட்டாம் வருடக் கோடையில் இதே தோட்டத்தில், தெற்குப் பக்கம், இளம் கார்ஸ்டன் ஒரு குழி தோண்டினார். கூட வேலை செய்தவன் எட்வின். இருபத்துநாலு வயது. ரோமானியர் காலத்து வெள்ளிக் கிண்ணம் ஒன்று எட்வின் கையில் கிடைத்தது. கார்ஸ்டனிடம் கொடுத்தான். கார்ஸ்டனின் அறிக்கையில் கிண்ணம் இல்லை. அடுத்த வருடம் ஒரு பழம்பொருள் வியாபாரியின் விற்பனைப் பட்டியலில் அதன் படத்தை எட்வின் பார்த்தான்.

"எனக்குக் கடிதம் போட்டான். 'லயனலை டானர் சந்துக்கே கூட்டிட்டுப் போய், எடுத்த இடத்துல நிக்க வெச்சுக் கேக்கப் போறேன்'னு. தேதி போடற பழக்கமே அவனுக்குக் கிடையாது. அதோட சரி. அப்புறம் அவனைக் காணோம். இந்த வீடு அப்ப பூட்டிக் கிடந்தது. ரெண்டு மாசம் கழிச்சு ஏதென்ஸ்ல இருந்து ஒரு தபால் அட்டை வந்தது, தட்டச்சுல. 'வேலை கிடைச்சிருக்கு, கவலைப்படாதீங்க'ன்னு. போலீஸ் அதைப் பார்த்துட்டு, 'வளர்ந்த பையன், போயிட்டான்'னு ஃபைலை மூடிட்டாங்க. அந்த வாரம் ஏதென்ஸ்ல நடந்த மாநாட்டுல பேசினது யாருன்னு யாரும் கேக்கலை."

"கார்ஸ்டன்" என்றார் ஹெஸ்டர்.

"எங்கம்மா செத்தப்போ அடக்கத்துக்கு வந்தார். 'எட்வின் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்'னு என் கையைப் பிடிச்சுச் சொன்னார். சொல்லிட்டு மூணு சாண்ட்விச் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கலை, தட்டைத்தான் பார்த்தார். அதனாலதான் இப்ப என்னை அடையாளம் தெரியலை." அவர் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு முடிவு பண்ணினேன். இந்த வீடு எப்ப விலைக்கு வரும்னு காத்திருந்தேன். இருபத்தஞ்சு வருஷம்."

"தோட்டம் உங்களோடது. மண்வெட்டி எடுத்து நீங்களே தோண்டியிருக்கலாமே?" என்றேன்.

"தோண்டியிருக்கலாம். எலும்பு கிடைச்சிருக்கும். எலும்பு வாய் திறந்து பேசுமா? 'ஐயோ, என் நண்பன்'னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு அதுக்கும் ஒரு அறிக்கை எழுதுவார். எனக்கு எலும்பு மட்டும் போதாது. அவரு வேணும். மூணு பேர்கிட்ட தோண்டறதுக்கு விலை கேட்டேன். ரெண்டு பேர் விலை சொன்னாங்க. இவர் விலாசத்தைப் பார்த்ததும் சும்மாவே தோண்டித் தரேன்னார். வேற யாரும் இங்கே மண்வெட்டி வெச்சுடக் கூடாதேன்னு."

"ஆனா எந்த இடம்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் ஹெஸ்டர் மெல்ல. "அதனால முளையை விட்டுக் கேட்டீங்க."

மிசஸ் விக்கரி முதல்முறையாகப் புன்னகைத்தார். அதைப் புன்னகை என்று சொல்லக் கூடாது.

"திங்கட்கிழமை தெற்கே நகர்த்தினேன். சிரிச்சார். செவ்வாய்க்கிழமை கிழக்கே. தோளைக் குலுக்கினார். புதன்கிழமை வடக்கே. ஓடி வந்து தன் கையாலேயே பிடுங்கினார். எங்கே தோண்ட மாட்டேங்கிறாரோ, அங்கேதான் என் அண்ணன் இருக்கான்."

"முளையை அடிச்சது நீங்க, ஆப்பு அவருக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

ஹெஸ்டர் எழுந்தார். "மிசஸ் விக்கரி, என்னை வேலைக்கு வெச்சவர் கார்ஸ்டன். முளையை நகர்த்தறது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. கண்டுபிடிச்சாச்சு. மூணு மணிக்கு அவர்கிட்ட சொல்லிடுவேன்."

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

"அதிகாரி முன்னாடி சொல்லுவேன்" என்றார் ஹெஸ்டர். "சத்தமா."

மாவட்டத் தொல்லியல் அதிகாரி இமோஜன் ஸ்லேட் சரியாக மூன்று மணிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது, மஞ்சள் மேற்சட்டை, கையில் படிவம். கார்ஸ்டனிடம் படித்தவர். "சார்" என்று அழைக்கும்போதே பாதி வணக்கம் அதில் இருந்தது. கார்ஸ்டன் வடக்கு முளைகளைப் பழைய இடத்தில் அடித்து, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி வைத்திருந்தார்.

"ரெண்டு ஓடு, ஒரு ஆணி, கொஞ்சம் சிப்பி" என்றார் அவர். "ரோமானியர்கள் இங்கே சாப்பிட்டுட்டுக் குப்பை போட்டிருக்காங்க. வேற ஒண்ணுமில்லை. கையெழுத்துப் போட்டுடும்மா."

"ஒரு நிமிஷம்" என்றார் ஹெஸ்டர். "டாக்டர் கார்ஸ்டன், உங்க ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன். முளையை நகர்த்தினது இந்த வீட்டுக்காரம்மா."

கார்ஸ்டன் திரும்பினார். மிசஸ் விக்கரி கை கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"எதுக்காக?" என்றார் கார்ஸ்டன்.

"வரைபடத்துல இருக்கிற இடத்துக்கு நகர்த்தினாங்க. கவுன்சில் அனுமதிச்ச குழி பத்து மீட்டர், சுவர் வரைக்கும். நீங்க தோண்டினது எட்டரை. நீங்க திங்கட்கிழமை காலையில வரைஞ்ச படத்துலேயும் எட்டரைன்னுதான் இருக்கு. அப்ப யாரும் முளையைத் தொடவே இல்லை. முளையை யாரு வேணும்னாலும் பிடுங்கலாம். உங்க பேனா மசியைப் பிடுங்க முடியாதே."

இமோஜன் ஸ்லேட் படிவத்தைப் புரட்டினார். நாடாவை எடுத்து அளந்தார். "தெற்கே கூட்டின ஓர் அடியைக் கழிச்சா எட்டரைதான் சார்."

"அந்தப் பக்கம் சாக்கடைக் குழாய் போகுது."

"குழாய் தெற்கே போகுதுன்னு படத்துல இருக்கே?"

"வேர். பழைய மரத்து வேர்."

இமோஜன் சுற்றுமுற்றும் பார்த்தார். மரம் எதுவும் இல்லை. "சார், நான் குறையாக் கையெழுத்துப் போட முடியாது. இன்னும் ஒன்றரை மீட்டர்தானே? உங்க ஆளுங்களை விட்டு..."

"வேண்டாம்" என்றார் கார்ஸ்டன். "நானே செய்யறேன்."

தோண்டுகிற இரண்டு பேரையும் சாமான்களை வண்டியில் ஏற்றச் சொல்லி அனுப்பிவிட்டு, அவரே குழிக்குள் இறங்கினார். வேகமாக வேலை செய்தார். பார்க்க அழகாகக்கூட இருந்தது. கறுப்புத் தோட்ட மண், அதற்கடியில் கப்பி கலந்த பழுப்பு மண், அதற்கும் அடியில் சிப்பி விழுந்த சாம்பல் மண். கேக்கை வெட்டின மாதிரி வரி வரியாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மஞ்சள் களிமண் தெரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

"பாரும்மா. மண் வரிசை கலையவே இல்லை. தோண்டி மூடின குழின்னா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து இருக்கும். இது ரோமானியன் விட்டுட்டுப் போனபடியே இருக்கு. இதுக்குக் கீழே கடவுள் போட்ட களிமண்தான்."

"ஆமா சார்" என்றார் இமோஜன், நிம்மதியாக. பேனாவைத் திறந்தார்.

மிசஸ் விக்கரியின் கை கதவு நிலையை இறுக்கிப் பிடித்தது. நான் ஹெஸ்டரைப் பார்த்தேன். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இருபத்தைந்து வருடம் காத்திருந்து வாங்கிய வீடு, அதன் மூலையில் கலையாத மண்.

"டாக்டர் கார்ஸ்டன்" என்றார் ஹெஸ்டர். "இடது காலைக் கொஞ்சம் எடுங்க."

"என்ன?"

"மண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. சுங்கத்துல பெட்டியைப் பார்த்ததைவிட, பெட்டி வெச்சிருக்கிறவன் காலைத்தான் அதிகமாப் பார்த்திருக்கேன். களிமண் தெரிஞ்சதுல இருந்து பத்து நிமிஷமா வலது கால் நாலு இடத்துக்குப் போயிடுச்சு. இடது கால் ஒரே இடத்துல இருக்கு. அந்தக் காலுக்கு அடியில என்ன?"

கார்ஸ்டன் அசையவில்லை.

"சார்?" என்றார் இமோஜன்.

தன் மாணவி கேட்டதால்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். காலணித் தடத்தின் நடுவில், களிமண்ணில், பச்சை பூத்த வட்டம் ஒன்று தட்டையாகப் படுத்திருந்தது.

இமோஜன் குதித்து இறங்கி அதை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தார். "ரெண்டு பென்ஸ். மகாராணி தலை." திருப்பினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது."

"அடேங்கப்பா" என்றேன். "ரோமானியர்கள் ரொம்ப லேட்டாத்தான் போயிருக்காங்க."

இமோஜன் என் பக்கம் திரும்பவே இல்லை. நாணயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியபோது குரல் பள்ளிப் பெண்ணின் குரலாகச் சுருங்கிவிட்டது.

"குழியை மூடறப்போ அடியில அந்த வருஷத்து நாணயம் ஒண்ணு வைப்போம். பின்னாடி தோண்டறவங்களுக்கு, இங்கே ஏற்கனவே ஆள் தோண்டியாச்சுன்னு தெரியறதுக்காக. நாங்க மட்டும்தான் வைப்போம். முதல் வருஷம் நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க சார். மண்ணை வரிசை மாறாம திருப்பிப் போடறதையும் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

கார்ஸ்டன் நாணயத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது இருந்தது பயம் இல்லை, சுத்தமான ஆச்சரியம். முப்பத்திநாலு வருடம் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து மறைத்தவர், தன் கை தனக்குத் தெரியாமல் செய்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்... அதை வெச்சதா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேசில் ட்ரூவின் கத்தரி நின்றது.

ஹெஸ்டர் தொலைபேசியை எடுத்தார். ஸ்டேஷனில் இருந்து வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். இமோஜன் மேலே ஏறி, இனி யாரும் எதையும் தொடக் கூடாது, போலீஸ் வரட்டும் என்று சட்டத்தைச் சொன்னார். மிசஸ் விக்கரி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நேரே வந்து குழியின் விளிம்பில் நின்றார்.

"தோண்டு" என்றார்.

நாலு நாளாக அவர் கார்ஸ்டனை "நீங்க" என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"நீங்க... நீங்க யாரு?"

"ரோஸலிண்ட் லாரிமர். தோண்டு."

அந்தப் பெயரைக் கேட்டதும் கார்ஸ்டன் களிமண்ணில் சரிந்தார். விழுந்தாரா, மண்டியிட்டாரா என்று எனக்குத் தெரியாது. பின்பாக்கெட்டுக்குப் போன கை கரணையோடு திரும்பியது. களிமண்ணைச் சுரண்டத் தொடங்கினார், ஒரு விரல் கனத்துக்கு, ஒரே சீராக. அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது போலிருந்தது. இமோஜன் "வேண்டாம்" என்று ஒருதரம் சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாவது சுரண்டலில் தோல் தெரிந்தது. ஒரு காலணியின் மேல்பாகம். கயிறு இன்னும் முடிச்சுப் போட்டபடியே இருந்தது.

கரணை நின்றது.

மிசஸ் விக்கரி குனிந்து, தள்ளுவண்டியில் கிடந்த அட்டைக் கட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை அட்டையை உருவினார். குழியில் எது கிடைத்தாலும் அதை எழுதித்தான் சேர்த்து வைப்பார்கள். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதி. பென்சிலோடு சேர்த்து அதைக் கார்ஸ்டனின் மடியில் போட்டார்.

"எழுது."

கார்ஸ்டன் எழுதினார். மிசஸ் விக்கரி விளிம்பிலிருந்தே படித்தார்.

"'மனித எச்சம்' இல்லை. அவனுக்குப் பேர் இருக்கு."

அடித்துவிட்டு மறுபடியும் எழுதினார். எட்வின் லாரிமர்.

"தேதி."

அவர் இன்றைய தேதியை எழுதப் போனார்.

"இன்னிக்கு இல்லை" என்றார் மிசஸ் விக்கரி. "அன்னிக்கு. எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டா, என்னிக்குன்னாவது தெரிஞ்சா மெழுகுவத்தி ஏத்துவேனேன்னு. எங்களுக்குத் தெரியாது. உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

பென்சில் நீண்ட நேரம் அட்டையின் மேலேயே நின்றது. பிறகு எழுதியது. பன்னிரண்டு, மார்ச், எண்பத்தொன்பது.

ஹெஸ்டர் கைக்குட்டையால் அட்டையின் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார். மிசஸ் விக்கரி அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மார்ச் பன்னிரண்டு. அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தோள்கள் மட்டும் ஏதோ சுமையை இறக்கின மாதிரி ஒருதரம் இறங்கி, மறுபடியும் நிமிர்ந்தன.

தெருமுனையில் போலீஸ் வண்டியின் ஓசை கேட்டது. கார்ஸ்டன் எழுந்து, குழியின் சுவரைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏற வழக்கம் போலக் கையை நீட்டினார். இமோஜனின் கை பழக்கத்தில் பாதி தூரம் நீண்டது. பிறகு தன் மேற்சட்டைப் பைக்குள் போய்விட்டது. சாமான் ஏற்றிவிட்டுத் திரும்பிய இருவரும் அசையவில்லை. நானும்தான். அவர் ஒருமுறை காலை ஊன்றினார். களிமண் வழுக்கியது. மறுபடியும் ஊன்றினார்.

"என்ன அவசரம்?" என்றார் ரோஸலிண்ட். "கொஞ்ச நேரம் உள்ளேயே இரு. என் அண்ணன் முப்பத்திநாலு வருஷம் இருந்தான்."